கீழ் ஓரத்துக் கறுப்பு

சிவப்பு நடுங்குகிறது, நடுங்கி நீளமாக இழுபட்டு, நடுவில் அறுந்து, மறுபடி ஒட்டிக்கொள்கிறது, மேலே வாய்க்கால் கரையின் பச்சை கரைந்து ஒழுகுகிறது, இரண்டுக்கும் இடையே வெயில் வெள்ளை வெள்ளையாகக் கொத்துகிறது, கீழ் ஓரத்தில் மட்டும் ஒரு கறுப்புத் திட்டு, அதையொட்டிச் சேற்று நிறத்தில் ஏதோ கொஞ்சம், அது எனக்கு எப்போதும் உறுத்தும், பிரிண்ட் போடும்போதெல்லாம் அந்த ஓரத்தை வெட்டிவிடுவேன், வெட்டியபின் படம் சுத்தமாக இருக்கும், எது நீர், எது வானம், எவ்வளவு பெரிசு, எந்த ஊர், ஒன்றும் தெரியாது, தெரியக் கூடாது என்பதுதான் எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம், தொடுவானம் வரக் கூடாது, ஆள் வரக் கூடாது, முகம் வரவே கூடாது, முகம் பிடிக்கத்தான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஸ்டூடியோ இருக்கிறதே என்று எத்தனை பேரிடம் திமிராகச் சொல்லியிருக்கிறேன், இப்போது கண்ணை மூடினால் அந்தச் சிவப்பு வருகிறது, நடுங்குகிறது, அவள் முகம் மட்டும் வரமாட்டேன் என்கிறது, அடப்பாவி, போய்ச் சேர்ந்து இன்னும் பதினாறு முடியவில்லை, இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து சோறு போட்டவளின் முகம் எப்படி எனக்கு வராமல் போகும்.

தவமணி, என் மனைவி, அவள்தான் அந்தச் சிவப்பு, இது வெளியில் யாருக்கும் தெரியாது, வாய்க்கால் தண்ணீரில் எதிர்க்கரையின் நிழல் விழும், தென்னை, நாணல், வாழை, எல்லாம் பச்சை, பச்சையை எடுத்து எடுத்து எனக்கே சலித்துக் கிடந்த ஒரு காலையில் அவள் தூக்குப்போசியில் சோறு கொண்டு வருகிறாள், பாலத்தைச் சுற்றி வராமல் எதிர்க்கரையிலேயே நின்று ஏனுங்க என்று கூப்பிடுகிறாள், நான் நிமிரவில்லை, தண்ணீரில் அரக்குச் சிவப்பு ஒன்று திடீரென்று விழுந்து பற்றிக்கொண்டதைத்தான் பார்த்தேன், அசையாதே, அப்படியே நில்லு என்று கத்தினேன், பாம்பு ஏதோ என்று பயந்து கல்லாக நின்றுவிட்டாள் பாவம், அன்று ஆரம்பித்தது, அதற்கப்புறம் சனிக்கிழமையானால் நாளைக்கு எந்தச் சேலைங்க என்று கேட்பாள், மாம்பழக் கலரா, மயில் கழுத்தா, நான் ஆகாயத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வேன், அவள் கட்டிக்கொண்டு வந்து வெயிலில் நிற்பாள், போதுமாங்க என்பாள், இன்னும் கொஞ்ச நேரம் நில்லு என்பேன், போதுமாங்க, கால் கடுக்குது, இன்னும் கொஞ்ச நேரம், துவைக்க வந்த பெண்கள் சும்மா இருப்பார்களா, ஏனக்கா, உங்கூட்டுக்காரரு உங்களப் பாக்காமத் தண்ணியவே பாக்கறாரே என்று சீண்டுவார்கள், அவரு நேராப் பாத்தா எனக்கு வெக்கம் வந்துருமாட்ட இருக்குது, தண்ணியவே பாக்கட்டும் என்று அவளும் விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்வாள், எல்லோரும் சிரிப்பார்கள், தண்ணீர் கலங்குகிறது என்று நான் எரிந்து விழுவேன்.

சென்னையில் கண்காட்சி வைத்தபோது இந்தச் சிவப்புப் படத்தின் முன்னால்தான் கூட்டம், அஸ்தமனம் என்றார் ஒருவர், ரத்தம் என்றார் இன்னொருவர், கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் அரை மணி நேரம் நின்றுவிட்டு இந்த நிறம் இயற்கையில் எங்கே இருக்கிறது என்று கேட்டார், நான் சொல்லாமல் சிரித்தேன், அதுதானே நமக்குப் பெருமை, பக்கத்தில் தவமணி வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நிற்கிறாள், பஸ்ஸில் திரும்பும்போது, எம்பட அரக்குச் சேலைங்கன்னு சொல்லியிருந்தா அந்தம்மா மயக்கம் போட்டிருக்கும் என்கிறாள், சேலையின் நிறம் ஞாபகம் இருக்கிறது, பஸ் சீட்டின் பச்சை ரெக்ஸின் ஞாபகம் இருக்கிறது, ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தவளின் முகம் இருந்த இடத்தில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது, அவ்வளவுதான்.

காய்ச்சல் என்றாள், கஷாயம் குடித்தாள், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், திரும்பி வரும்போது உயிரில்லை, அவள் அண்ணன் சென்னியப்பன் மச்சான் கட்சிக்காரர், கருப்புச் சட்டைக் குடும்பம், திதி திவசம் ஒன்றும் கிடையாது, வர்ற ஞாயித்துக்கிழமை மண்டபத்துல படத்திறப்பு, நோட்டீஸ் அடிக்கக் குடுத்தாச்சு, படம் மட்டும் குடுங்க மாப்ள என்று கை நீட்டினார், நான் விழித்தேன், கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அவள் குனிந்தே இருக்கிறாள், நெற்றிச்சுட்டியும் வகிடும்தான் தெரிகிறது, வாக்காளர் அட்டையில் கண்ணை மூடியிருக்கிறாள், மச்சான் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஸ்டேசன்ல ஒட்டி வெப்பாங்களே, அப்படி இருக்குது எந்தங்கச்சி என்றார், அப்புறம் குரல் ஏறிவிட்டது, ஊரெல்லாம் படம் புடிக்கற மனுசன் ஊட்டுல பொண்டாட்டி மூஞ்சி ஒண்ணு இல்லீங்களா, எலையப் புடிச்சீங்க, பாசியப் புடிச்சீங்க, மரத்துப் பட்டையக்கூட விட்டு வெக்கலையே, அதுல ஒரு பொட்டு எடம் அவளுக்கு இல்லாமப் போச்சுங்களா, தென்றல், எங்கள் ஒரே மகள், பத்தாவது படிக்கிறாள், அம்மாவின் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, அப்பா, அம்மா மூக்குத்தி என்ன கல்லுங்கப்பா என்று கேட்டாள், சிவப்பு என்றேன், அவள் என்னையே பார்த்தாள், எழுந்து உள்ளே போய்விட்டாள், அதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம்.

தூங்கினால் வாய்க்கால்தான், எதிர்க்கரையில் சேலை மட்டும் நிற்கிறது, போதுமாங்க என்கிறது, நான் இந்த முறை நிமிர்ந்து பார்த்துவிடுவேன், பார்த்தே தீருவேன் என்று தலையைத் தூக்குகிறேன், தூக்கத் தூக்கத் தண்ணீர்தான் மேலே ஏறி வருகிறது, கரை வரவே இல்லை, விழித்தால் தலையணை நனைந்திருக்கிறது, பீரோவைத் திறந்து சேலைகளை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டேன், அரக்குச் சேலையில் இன்னும் அவள் வாசம் இருக்கிறது, வாசத்தை எப்படி மண்டபத்தில் மாட்டுவது.

இருக்கிற ஸ்லைடு எல்லாத்தையும் போடுங்க, ஒரு மூலையிலயாவது இல்லாமயா போயிருவா என்று மச்சான் சனிக்கிழமை மத்தியானம் வந்து உட்கார்ந்துவிட்டார், ஜன்னல்களில் ஜமக்காளத்தைத் தொங்கவிட்டு, சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றி, புரொஜெக்டரைத் துடைத்து வைத்தேன், ஸ்லைடு செருகுவது தவமணியின் வேலை, ஸ்லைடைத் தலைகீழாகச் செருகினால்தான் சுவரில் நேராக விழும், இது பழகியவர்களுக்குத்தான் கை வரும், அவள் ஒவ்வொன்றையும் தலைகீழாகத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒருதரம் தூக்கிப் பார்த்து, தனக்குள் சிரித்துவிட்டுத்தான் செருகுவாள், என்ன சிரிப்பு என்று கேட்டால் ஒண்ணுமில்லீங்க என்பாள், இப்போது நான் செருகினால் ஸ்லைடு துளைக்குள் போகவில்லை, குடுங்க இங்க, அக்கட்ட உக்காருங்க என்று மச்சான் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டார், நான் எப்படிச் செருக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன், அவரும் அப்படியே செய்தார், இலை, பட்டை, பாசி, மணலில் காற்று போட்ட கோடு, மயில் கழுத்து நீலம், மாம்பழ மஞ்சள், இது என்னுங்க, தண்ணி, இது, அதுவும் தண்ணிதான், ஒவ்வொன்றுக்கும் அவர் மூச்சு பெரிசாகிறது, தென்றல் கதவோரம் வந்து நின்றிருக்கிறாள், எனக்குச் சுவரைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது, என் ஆயுசு முழுக்க எடுத்தது இவ்வளவுதானா, யாருக்கு எடுத்தேன்.

பாதியில் மச்சானுக்குப் பொறுமை போய்விட்டது, தலைகீழ் நேர் எல்லாம் மறந்து, கைக்கு வந்தபடி ஒன்றை எடுத்துச் செருகினார், சுவரில் சிவப்பு விழுந்தது, பச்சை கீழே போய்விட்டது, ஸ்லைடில் வெட்டாமல் இருந்த கறுப்புத் திட்டு மேலே ஏறிவிட்டது, எனக்கு வந்ததே கோபம், தலைகீழாப் போட்டுட்டீங்க மச்சான், எடுங்க என்று கத்த வாயைத் திறந்தேன், அம்மா என்றாள் தென்றல்.

அம்மாதான், சிவப்பு நடுங்கவில்லை, சேலையாகி நிற்கிறது, இழுபட்டுக் கிடந்தது முந்தானை, வெயிலுக்கு நெற்றியில் வைத்திருப்பது கை, நான் வெட்டி வெட்டி எறிந்த கறுப்பு அவள் தலைமுடி, சேறு என்று நினைத்தது அவள் முகம், அலை வந்து சேராத அந்த ஓரத் தண்ணீரில் அவ்வளவு தெளிவாக, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மூக்கில் புள்ளியாக ஒரு வெளிச்சம், வெள்ளைக் கல், வெள்ளைக் கல்லேதான், தண்ணீரில் வெயில் பட்டது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேனே மடையன், வாய் லேசாகத் திறந்திருக்கிறது, அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து எதற்குச் சிரித்தாள் என்றும் தெரிந்துவிட்டது, அவள் தன்னைப் பார்த்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறாள், நானே ஒருநாள் பார்ப்பேன் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள், தென்றல் போய்ச் சுவரில் கையை வைக்கிறாள், அவள் கைமேல் அம்மாவின் சிவப்பு விழுகிறது, மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார், மூக்கை உறிஞ்சுகிறார், ரொம்ப நேரம் வெச்சாச் சூட்டுல ஸ்லைடு வெந்துரும்னு நீங்கதானுங்க சொல்லுவீங்க என்கிறார், சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு, போதுமாங்க மாப்ள என்று மெதுவாகக் கேட்கிறார், நான் முதல்முறையாக நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்துக்கொண்டே, இன்னும் கொஞ்ச நேரம் என்கிறேன், இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டுங்க.