படிக்கட்டுக்குக் கீழே ஒரு தூண்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வியாசர்பாடியில் நான் தமிழ் நடத்தும் பள்ளியில், ஒரு திங்கட்கிழமை காலை எட்டாம் வகுப்புக் கதவைத் திறந்தேன். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கரும்பலகைக்குக் கீழே கேஸ் அடுப்பில் உலை கொதித்தது. கை நிறைய வளையல் போட்ட கர்ப்பிணிப் பெண் ஒருத்தி என் நாற்காலியில் உட்கார்ந்து தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது?" என்றேன். (வகுப்பில் நான் அப்படிப் பேசுவதில்லை. திடுக்கிட்டால் பிறந்த தெருவின் தமிழ்தான் வாயில் வருகிறது.)

"அத்தக் கேளுங்க டீச்சர். அதான் எங்கள இங்க கொண்டாந்து வுட்டுச்சு" என்று மூலையைக் காட்டினாள்.

மூலையில் உட்கார்ந்திருந்தவள் மகிழினி. சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு.

2

தொடக்கத்தைப் பலமுறை எழுதி அடித்துவிட்டேன்.

'அந்தத் தூண் பல வருடங்களாக அவளுக்காகக் காத்திருந்—' பொய். தூண் யாருக்கும் காத்திருக்காது.

'சிறு வயதிலிருந்தே கட்டடங்கள் என்றால் மகிழினிக்கு—' அதுவும் பொய். கவுன்சிலிங்கில் சிவில் கிடைத்தது, சேர்ந்தாள்.

நடந்தது இது. பழைய கட்டடம் ஒன்றின் தூண்களைச் சோதித்து அறிக்கை தர வேண்டும் என்பது அந்தப் பருவத்தின் செய்முறைப் பாடம். காங்கிரீட்டில் வைத்து அழுத்தினால் உள்ளே ஸ்பிரிங் எகிறி, எவ்வளவு உறுதி என்று எண் காட்டும் சுத்தியல் ஒன்றைக் கல்லூரி லேபில் கொடுத்தார்கள். கூட்டாளி சுஃபியான், ராயபுரத்துப் பையன். அலைவானேன் என்று மகிழினி தன் குடியிருப்பையே தேர்ந்தெடுத்தாள். மூன்று மாடி. அவள் பிறந்த இடம்.

சனிக்கிழமை பகலில், படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் தூணில் சுஃபியான் பூச்சைக் கொத்தினான். பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. மகிழினி சுத்தியலை வைத்து அழுத்தினாள். முள் அசையவேயில்லை. இடம் மாற்றி அழுத்தினாள். அந்த இடம் உள்ளே அமுங்கி, மண் கொட்டியது. வெளியே தெரிந்த கம்பியை சுஃபியான் விரலால் தேய்த்தான். அது பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"மகி, கைய எடு" என்றான். "இது தூணு இல்ல."

அவள் மேலே பார்த்தாள். முதல் மாடி வராண்டாவில், அங்கே குடியிருக்கும் எழில்மொழியின் வளைகாப்புக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அங்கே ஊரே கூடப் போகிறது.

3

இங்கே எனக்கு ஒரு பாத்திரத்தின்மீது சந்தேகம் வந்தது. பேராசிரியர் செல்வநாதன். மகிழினி போட்டோ அனுப்பியதும் போனில் அவர் சொன்னது: "இந்த ரீடிங் எல்லாம் நம்பற மாதிரி இல்லம்மா. வேற பில்டிங் எடுத்துப் பண்ணு."

அவரை வில்லனாக வைத்து ஒரு பக்கம் எழுதி மகிழினியிடம் படித்துக் காட்டினேன்.

"அய்ய, அவர் அப்டி இல்ல டீச்சர். பயந்துட்டாரு. சாயங்காலம் அவரே ஆட்டோ புட்ச்சி வந்துட்டாரு."

வந்து, குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். நிமிர்ந்து, "எல்லாரையும் கீழ இறக்குங்க. இப்பவே" என்றாராம்.

(அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

4

யாரும் இறங்கவில்லை. எழில்மொழியின் கணவன் வல்லரசு பந்தல் கயிற்றைக் கையில் பிடித்தபடி கத்தினான். "நல்ல காரியம் நடக்கற எடத்துல வூடு வுழும்னு சொல்றியே, நாக்குல இன்னா வச்சிகினு கீற நீ?"

மகிழினியின் அம்மா சொக்கம்மாள் எல்லார் முன்னாலும் மகளை அறைந்தாள். "படிக்க வச்சது இத்துக்கா? எங்கடி போறது நாங்க?"

மகிழினி அழவில்லை. எழில்மொழியிடம் போய்க் கையைப் பிடித்தாள். "அக்கா, ஒரு வாட்டி கீழ வந்து தொட்டுப் பாரு. அப்பறம் உன் இஷ்டம்."

எழில்மொழி வயிற்றைத் தாங்கிக்கொண்டு இறங்கி வந்தாள். தூணைத் தொட்டாள். உள்ளங்கையில் ஒட்டிய துருவைப் பார்த்தபடி நின்றாள். பிறகு கணவனிடம் சொன்னாள்: "யோவ், பந்தல அவுத்துடு. நான் மேல வரல."

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். கவுன்சிலர் பேசி, பள்ளியைத் திறந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு என் வகுப்பறையில் நடந்தது.

5

ஒழுங்கான கதையில் இந்த இடத்தில் கட்டடம் விழ வேண்டும். அப்படியும் எழுதிப் பார்த்தேன். ஆளில்லாத வராண்டா சரிகிறது, புழுதி அடங்குகிறது, அம்மா மகளைக் கட்டிக்கொள்கி—

விழவில்லை. வாரங்கள் ஓடிவிட்டன. அதிகாரிகள் வந்து கயிறு கட்டி, எச்சரிக்கைப் பலகை மாட்டிவிட்டுப் போனார்கள். மழை பெய்தது. அப்போதும் நின்றது. குடியிருந்தவர்கள் தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்லாத்தான் கீது" என்று மகிழினியின் காதில் விழும்படி சொல்கிறார்கள். குழாயடியில் அவள் குடத்தை நகர்த்தி வைக்கிறார்கள்.

ஒருநாள் கல்லூரி முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"டீச்சர், இன்னிக்கி பஸ்ல வரும்போது ஒண்ணு தோணுச்சு. அது வுழுந்துட்டா தேவலன்னு. நான் பொறந்த வூடு டீச்சர். அது வுழணும்னு வேண்டிகினு வந்துகிறேன்."



6

இன்று காலை சில குடும்பங்கள் கயிற்றைத் தாண்டித் திரும்பிப் போய்விட்டன. அதில் சொக்கம்மாளும் உண்டு. நான் ஓடினேன். மகிழினி படிக்கட்டை மறித்து நின்றுகொண்டிருந்தாள். அம்மா அவளை விலக்கிவிட்டு சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய், படிப்படியாக மேலே ஏற்றினாள்.

அந்தப் பிள்ளை தூணைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு தானும் படியில் கால் வைத்தது.

"மகிழினி, உனக்குத் தெரியுமேடி!" என்று கத்தினேன்.

"தெரியும் டீச்சர். எங்கம்மா மேல கீது. நான் மட்டும் கீழ நின்னு இன்னா பண்றது?"

இரண்டு முடிவுகள் கைவசம் இருக்கின்றன. ஒன்றில் கட்டடம் நிற்கிறது, மகிழினி காலமெல்லாம் பொய்க்காரி. இன்னொன்றில் அவள் படித்த பாடம் சரி. இரண்டையும் எழுத எனக்குக் கை வரவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் செய்தேன். எடுத்தாள். பின்னால் சொக்கம்மாள் எதையோ தாளிக்கும் சத்தம்.

முடிவை உங்களிடம் விடுகிறேன். எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள். அதற்கு முன்னால், தயவுசெய்து, அவர்களைக் கீழே இறக்கிவிடுங்கள்.