ஏழு பெண்கள் இருந்த காடு

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. அதற்கு மூன்றே நாள் விடுப்பு எடுத்தது ஒரு குற்றமா? நான்காம் நாள் காலை ஓவியம் சீர்செய்பவள் அருங்காட்சியகப் பட்டறைக் கதவைத் திறந்தாள். படத்தைப் பார்த்ததும் கைப்பை தோளிலிருந்து நழுவி விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றாள்.

நூறு வருஷத்துப் படம். நீலக் காடு, மரங்களுக்கு வேர் இல்லை, நடந்து போகும் பெண்களுக்குப் பாதம் இல்லை. படத்தின் மரச்சட்டத்தில் பித்தளைத் தகடு: ‘காட்டில் எழுவர்’. தெரிந்ததோ ஆறு பேர்தான். வரைந்தவருக்கு எண்ணத் தெரியாது என்று பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். இடது ஓரத்து மங்கல் அழுக்கல்ல, வரைந்தவரே படத்தின்மேல் கடைசியாகப் பூசும் வார்னிஷ் மெருகில் வண்ணம் கலந்து தீட்டிய மூடுபனி, அதற்குள் ஏழாமவள் திரும்பி நம்மைப் பார்க்கிறாள் என்று கண்டுபிடிக்க இவளுக்கு எட்டு மாதம் பிடித்தது. ‘இடது ஓரத்தைத் தொடாதீர்கள்’ என்று சீட்டு எழுதிப் படத்தருகில் ஒட்டிவிட்டுத்தான் விடுப்பில் போனாள்.

இப்போது மூடுபனியும் இல்லை, ஏழாமவளும் இல்லை. காடு கழுவிவிட்ட தரை மாதிரி பளபளத்தது.

“பளிச்சுன்னு ஆயிடுச்சு பாருங்கம்மா,” என்றார் சட்டம் போடும் தச்சர். “நாளைக்குத் திறப்பு விழா, துடைச்சிடுங்கன்னு மேலாளர் சொன்னாரு.”

“நான் ஒட்டிட்டுப் போன சீட்டு?”

“நான் வந்தப்ப ஒண்ணும் இல்லியேம்மா.” அவர் முகம் வெளிறியது.

சொன்னதைச் செய்த மனிதர். அவர்மேல் பாய்ந்து என்ன பயன்? “துடைச்ச பஞ்ச எங்க போட்டீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“நீங்க செய்யிற மாதிரியே பாட்டில்ல போட்டு மூடி வச்சிருக்கேன்.”

பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள். அவள் எழுதிய சீட்டு அங்கே டீ கோப்பைக்கு அடியில் கிடந்தது. அதை உருவி எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

“இதப் படிச்சீங்களா?”

“படிச்சேன். நீங்க எல்லாத்தையும் பெரிசு பண்ணுவீங்க, அதான் எடுத்துட்டேன். ஒரு கறைக்கு இவ்வளவு கோபமாம்மா? பழைய போட்டோவுலயும் கறையாத்தான் தெரியுது. ‘பழைய வார்னிஷ் அகற்றப்பட்டது’ன்னு படத்தோட அறிக்கையில ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

“தகட்டுல எழுவர்னு இருக்கே?”

“ஒரு மரத்தக் காட்டி இதுதான் ஏழாவது ஆளுன்னு சொல்லிக்கலாம்.”

என்ன நெஞ்சழுத்தம் இந்த மனிதனுக்கு! அவள் கையெழுத்துப் போட்டால் ஏழாமவள் அழிக்கப்பட்டவள்கூட இல்லை, இருந்ததே இல்லை என்றாகிவிடும்.

அவருடைய பேனாவையே எடுத்து, நின்றபடி அறிக்கையில் எழுதினாள்: ‘இடது ஓரத்தில் ஒரு பெண் இருந்தாள். எச்சரிக்கைச் சீட்டைப் படித்த பிறகே மேலாளர் துடைக்கச் சொன்னார்.’ கையெழுத்துப் போட்டுச் சீட்டையும் அதோடு சேர்த்துப் பின் குத்தினாள்.

“வேலை போயிடும்மா.”

“போகட்டும். அவ மூஞ்சியப் பாத்தவ நான் ஒருத்திதான். இல்லேன்னு நான் எழுத மாட்டேன்.”

அறிக்கையின் மேல் பாட்டிலை வைத்தாள். உள்ளே பஞ்செல்லாம் சாம்பல் கலந்த நீலம்.

“என்ன இது?”

“நாளைக்கு விழாவுல யாராவது எண்ணிப் பாத்துட்டு ஏழாவது ஆள் எங்கன்னு கேட்டா, மரத்தக் காட்டாதீங்க. இதக் காட்டுங்க.”