கருஞ்சிறுத்தையும் மொட்டைமாடியும்

ஞாயிற்றுக்கிழமை காலை, தலையைத் துவட்டிக்கொண்டே மகன் சமையலறை வாசலில் வந்து நின்று, "அம்மா, உன் போனைக் குடு" என்றான். கேட்ட தோரணையிலேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. முந்தின நாள் வந்த அட்டைப்பெட்டி கூடத்து மேசைமேல் பிரிக்கப்பட்டுக் கிடந்தது.

"மறுபடியுமாடா?"

"ஆமா. என்னோடது உனக்கு. உன்னோடது கடைக்கு. எக்ஸ்சேஞ்ச் இன்னைக்கு சாயங்காலத்தோட முடியுது."

அந்த வீட்டில் இது வருடாவருடம் நடப்பதுதான். மகனுக்குப் புதிது வரும். அவன் வைத்திருந்தது அம்மாவுக்கு இறங்கும். அம்மா வைத்திருந்தது கடைக்குப் போகும். தொலைதூர லாரி ஓட்டும் அப்பா, பட்டன் போனைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டதால் இந்தச் சுற்றில் அவருக்கு இடமில்லை.

"போன வருஷம் வாங்கினதுக்கு என்னடா கேடு? நல்லாத்தானே இருக்கு?"

"கேமரா சுமார்ம்மா. பேட்டரி மத்தியானத்துக்கே படுத்துடுது. நான் என்ன உன்கிட்டயா காசு கேக்கறேன்?"

"காசைப் பத்தி யாருடா பேசினா? எனக்கு இதுவே போதும்ங்கறேன். உன் இஷ்டத்துக்கு நீ மாத்திக்கோ. என்னோடதை விட்டுடு."

"உன்னோடதைக் கொடுத்தாத்தான் கழிச்சுப்பாங்க. அதோட, அது அரதப்பழசு. திடீர்னு செத்துப்போச்சுன்னா வேலை நேரத்துல ஆஸ்பத்திரியிலேர்ந்து என்னை எப்படிக் கூப்பிடுவே? உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்."

நல்லதுக்கு என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச வழியில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனைக் கொடுத்தாள். அவன் மேசையருகே உட்கார்ந்து இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். படங்கள் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போயின, தொலைபேசி எண்கள் போயின, அப்பாவை லாரிமுன் நிறுத்திக் கிளீனர் பையன் தன் போனில் எடுத்து அனுப்பிய அத்தனை படங்களும் போயின.

"வேற ஏதாவது முக்கியமா இருக்காம்மா? யோசிச்சுச் சொல்லு. அழிச்சுட்டா திரும்ப வராது."

அவள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கல்யாண வயதில் பிள்ளையை வைத்துக்கொண்டு போனில் காய் உருட்டி விளையாடுகிறாள் என்று தெரிந்தால் விழுந்து விழுந்து சிரிப்பான். அலுவலகம் முழுக்கச் சொல்லியும் சிரிப்பான்.

"ஒண்ணும் இல்ல" என்றாள்.

அவள் வேலை பார்த்தது ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்த துணி அறையில். சலவையாகி வரும் படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் மடித்து, வார்டு வாரியாகப் பிரித்து அடுக்க வேண்டும். கிழிந்திருப்பதைத் தைக்க வேண்டும். விரிப்பை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, உதறி, நடந்து வந்து நடுவில் கை சேர்க்க வேண்டும். முன்பு எதிர்முனையைப் பிடிக்க ஒரு தோழி இருந்தாள். வாய் ஓயாதவள். மாமியார், மருமகள், மருந்துக்கடைக்காரர் என்று ஊரையே அந்த அறைக்குள் இழுத்துவந்துவிடுவாள். மடிக்கும் இயந்திரம் வந்ததும் அவளை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இயந்திரம் நன்றாகத்தான் மடித்தது. மூலைக்கு மூலை பிசகாது. ஆனால் காலையில் வண்டி தள்ளிக்கொண்டு வருபவர் "அக்கா, மூணாவது மாடி" என்று சொல்லிவிட்டுப் போனால், மாலைவரை அந்த அறையில் மனிதக் குரலே கேட்காது.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு விளையாட்டு கிடைத்தது. போன வருடம் மகன் அவசரத்தில் எதையும் அழிக்காமல் போனைக் கொடுத்திருந்தான். என்றோ பேருந்தில் பொழுது போகாமல் அவன் இறக்கி வைத்த லூடோ அதில் அப்படியே கிடந்தது. அதில் அவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'கருஞ்சிறுத்தை'. பெயரை மாற்ற அவளுக்குத் தெரியவில்லை. சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு, தையல் மெஷின் பக்கத்தில் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கருஞ்சிறுத்தை காய் நகர்த்தத் தொடங்கியது.

முதலில் யார் யாரோ வந்தார்கள். தோற்கிற மாதிரி இருந்தால் பாதியில் ஓடிவிடுவார்கள். ஒருநாள் 'மொட்டைமாடி' வந்தது. ஆணா பெண்ணா, இளசா பழசா என்று தெரியாது. படத்துக்குப் பதில் ஒரு தண்ணீர்த்தொட்டி. அன்றைக்கு அவளுடைய கடைசிக் காய் வீட்டுக்குள் நுழையும் தறுவாயில் இருந்தது. மொட்டைமாடிக்கு அதை வெட்டும் எண் விழுந்தது. வெட்டவில்லை. வேறொரு காயை நகர்த்திவிட்டு, ஒரு தேநீர்க் கோப்பைப் படத்தை அனுப்பியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த அறையில் தன் சிரிப்பைக் கேட்டு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

அதன்பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் ஆடினார்கள். சொந்தமாக எழுதிப் பேச அந்த விளையாட்டில் வசதியில்லை. அவர்களே வைத்திருக்கும் வாக்கியங்களில் ஒன்றைத் தட்டலாம், அவ்வளவுதான். 'நன்றாக ஆடினீர்கள்', 'விரைந்து ஆடுங்கள்', 'ஐயகோ', 'நாளை சந்திப்போம்'. வெட்டு விழும்போதெல்லாம் மொட்டைமாடி 'ஐயகோ' என்று அலறும். அதைப் பார்ப்பதற்காகவே அவள் வெட்டுவாள். எப்போதும் அது வெட்டாமல் விட்டதும் இல்லை. சில நாள் இரக்கமே இல்லாமல் வெட்டித் தள்ளும். அன்றைக்கு அங்கே ஏதோ மனசு சரியில்லை என்று எடுத்துக்கொள்வாள்.

நடுவில் அவளுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டாள். போனைத் தொடவில்லை. வேலைக்குத் திரும்பிப் போய் விளையாட்டைத் திறந்தபோது பரிசுப் பெட்டியில் மொட்டைமாடி அனுப்பிய பூக்கள் இருந்தன. நாளுக்கு ஒன்றாக, விட்டுப்போகாமல். ஒவ்வொன்றையும் தட்டித் தட்டி வாங்கிக்கொண்டாள். மகன் இரண்டு நாள் ரொட்டி வாங்கி வந்தான், மாத்திரை வாங்கி வந்தான், குறை சொல்ல முடியாது. கணவர் தினமும் கூப்பிட்டு, "இப்ப எப்படி இருக்கு? சரி, வண்டி எடுக்கறேன், வை" என்றார். ஆனாலும் அந்தப் பூக்களைப் பார்த்தபோதுதான் அவளுக்குக் கண் கலங்கியது.

போன் கைமாறிய மறுநாள், திங்கள்கிழமை, துணி அறையில் சாப்பிட்டு முடித்து மகன் கொடுத்த போனைத் திறந்தாள். அகலமாக, பளபளவென்று இருந்தது. எங்கே தேடியும் விளையாட்டு இல்லை. மேலே தள்ளினாள், பக்கவாட்டில் தள்ளினாள். மாலை வீட்டுக்கு வந்ததும் சுற்றி வளைத்துக் கேட்டாள்.

"ஏண்டா, காய் உருட்டற விளையாட்டு ஒண்ணு இருந்துதே, அது இதுல வராதா?"

"லூடோவா? அட, எங்கம்மா கேம் எல்லாம் ஆடறாங்களே!" அவன் நொடியில் இறக்கிக் கொடுத்தான். "இந்தா. புதுப் பதிப்பு. கிராபிக்ஸ் எல்லாம் சும்மா பிரமாதமா இருக்கும் பாரு."

அவள் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திறந்தாள். கருஞ்சிறுத்தை இல்லை. 'விருந்தினர்' என்று போட்டு நீளமாக ஏதோ எண் இருந்தது. எப்போதும் மொட்டைமாடி இருக்கும் நண்பர்கள் என்ற இடத்தைத் தட்டினாள். 'உங்களுக்கு இன்னும் நண்பர்கள் இல்லை' என்று வந்தது.

அவள் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

ஒரு வாரம் போயிற்று. கேட்டதற்குப் பதில் சொன்னாள், சமைத்தாள், துவைத்தாள். சாப்பாட்டுத் தட்டின் முன் மகனே பொறுமை இழந்தான்.

"புதுப் போன் வந்ததுலேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே. நான் என்ன திருடிட்டா வந்தேன்? உழைச்சு வாங்கறேன். வேற யார் வீட்லயாவது அம்மாவுக்கு இப்படிப்பட்ட போன் கொடுப்பாங்களா?"

"நான் கேட்டேனாடா? என்கிட்ட இருந்ததை விட்டுடுன்னுதானே சொன்னேன்?"

"அந்தத் தகரத்துல அப்படி என்னதான் இருந்தது?"

சொல்லிவிட்டாள். கருஞ்சிறுத்தை, மொட்டைமாடி, தேநீர்க் கோப்பை, பூக்கள் எல்லாவற்றையும் தலை குனிந்தபடி, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். அவள் பயந்தபடியே அவன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"யாரும்மா அது? முன்னபின்ன தெரியாத ஆளு."

"ராத்திரி பகலா நீ போன்ல சிரிச்சுக்கிட்டு இருக்கியே, அவங்க எல்லாரும் உனக்கு முன்னபின்ன தெரிஞ்சவங்களா?"

அவன் தட்டில் இருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினான்.

"எனக்கு அது போனது கூடப் பரவாயில்லடா. அந்தப் பக்கம் இருக்கறவங்க என்ன நினைப்பாங்க? சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டேன். இன்னும் பூ அனுப்பிக்கிட்டு இருந்தா? யாரு போய் எடுப்பா அதையெல்லாம்?"

மறுநாள் மாலை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு அவனே அவளைக் கடைக்கு அழைத்துப்போனான். கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அது அன்னைக்கே வண்டி ஏறிடுச்சுங்க. எங்கே போகும்னு எங்களுக்கே தெரியாது. கிடைச்சாலும் பிரயோஜனம் இல்லை சார், நீங்களே முழுசா அழிச்சுத்தான் கொடுத்திருக்கீங்க." பிறகு அம்மாவைப் பார்த்து, "படம் ஏதாவது போயிடுச்சாம்மா?" என்றாள்.

"ஆமா" என்றான் மகன் முந்திக்கொண்டு.

விளையாட்டு நிறுவனத்துக்கும் அவன் எழுதிப் போட்டான். பதிவு செய்யாமல் ஆடியது போனோடு போய்விடும், மீட்க இயலாது, தொடர்ந்து விளையாடி மகிழுங்கள் என்று பதில் வந்தது. கருஞ்சிறுத்தை என்ற பெயரை மறுபடி வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே கூட்டம் கூட்டமாக ஆட்கள் இருப்பதாக விளையாட்டே சொன்னது. மொட்டைமாடி என்று பெயர் போட்டுத் தேட அதில் வழியே இல்லை.

அன்று கடையிலிருந்து திரும்பும்போது பேருந்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லம்மா?"

"நீ மாத்தாம இருந்திருக்கலாம்லடா?"

இரண்டுமே நியாயமாகத்தான் பட்டது.

அவள் ஆடுவதை நிறுத்தவில்லை. சாப்பாட்டு நேரத்தில் யார் யாரோடோ ஆடினாள். வெட்டாமல் விடுபவர் யாராவது வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து தேநீர்க் கோப்பையை அனுப்புவாள். எதிர்ப்பக்கம் 'விரைந்து ஆடுங்கள்' என்று வரும். பெரும்பாலும் அவர்கள் வெட்டாமல் விட்டது கவனிக்காததால்தான். தண்ணீர்த்தொட்டிப் படம் ஒருநாளும் வரவில்லை. வேலை முடிந்து தெருவில் நடக்கும்போது சில சமயம் கட்டடங்களின் உச்சியைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். எல்லாக் கட்டடத்தின் மேலும் தொட்டி இருந்தது.

அடுத்த வருடம் அட்டைப்பெட்டி வழக்கம்போல வந்தது. அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, "என்னோடதைத் தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

"நான் தொடலம்மா. எனக்கு மட்டும்தான்" என்றான். "வேலைக்கு வேணும்" என்று தானாகவே சேர்த்துக்கொண்டான். பழையது அலமாரிக்குள் போயிற்று. அதை யாருக்குக் கொடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

அன்று மாலை அவள் போன் மேசைமேல் திறந்து கிடந்தது. அவன் எடுத்துப் பார்த்தான். ஒரு வருடம் கழித்தும் நண்பர்கள் பட்டியல் காலியாகவே இருந்தது. தன் புதுப் போனில் அந்த விளையாட்டை இறக்கி, அவளுடைய விருந்தினர் எண்ணைத் தட்டித் தன்னைச் சேர்த்துக்கொண்டான்.

"நாளைக்கு உன் சாப்பாட்டு நேரத்துல நான் வரேன். தோத்துட்டு அழக்கூடாது" என்றான்.

"யாரு, நானா? நீ கால் துண்டு பென்சிலுக்கு அழுதவன்டா."

மறுநாள் அவள் சீக்கிரமே சாப்பிட்டு முடித்தாள். சொன்னபடி வந்தான். மோசமாக ஆடினான். இருக்கிற காயை எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே இழுத்துவிட்டு விழித்தான். அவள் வெட்டினாள், மறுபடி வெட்டினாள். 'ஐயகோ' என்று அனுப்பினான். அவள் ஒரு கணம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிறகு எடுத்தாள்.

ஆட்டத்தின் பாதியில் அவன் பெயருக்குப் பக்கத்தில் சிறிய கடிகாரம் சுழன்றது. காத்திருந்தாள். யாரோ அலுவலகத்தில் கூப்பிட்டிருப்பார்கள். ஆள் ஆடாவிட்டால் விளையாட்டே அவருக்காக ஆடிவிடும். கடிகாரம் முடிந்ததும் பகடை தானாக உருண்டது, அவனுடைய காய் தானாக நகர்ந்தது. மறுபடியும் அப்படியே. அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தன் முறை வரும்போதெல்லாம் உருட்டி, பார்த்து, யோசித்து, ஒழுங்காக ஆடினாள். அந்தப் பக்கம் ஆளில்லாத காய்கள் தடுமாறாமல் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தன.

மாலை மகன் உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"சாரிம்மா, மேனேஜர் வந்து உயிரை எடுத்துட்டாரு. கடைசியில யார் ஜெயிச்சது?"

"நீதான்" என்றாள் அவள்.

"நிஜமாவா?" அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சும்மாவா பின்னே! நாளைக்கும் வரேன் பாரு."

"வா" என்று சொல்லிவிட்டு அவள் தட்டு எடுத்துவைக்கப் போனாள்.