பழைய கல்

நெல்லித்தோப்பில் எங்கள் கிரானைட் கடை வாசலில் அத்தா சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததுமே நடையை எட்டிப் போட்டேன். எனக்காக எதையாவது செய்து வைத்துவிட்டுக் காத்திருக்கும் சிரிப்பு அது.

"தஹ்ஸீனு, வந்து பாரும்மா, ஒன் கல்லு எப்புடி ஆயிருக்குன்னு."

நேற்று கடையில் விட்டுப்போன என் கல்லை இரண்டாக அறுத்து மேசையில் வைத்திருந்தார். அறுத்த முகங்கள் கண்ணாடியாகப் பளபளத்தன. அய்யோ என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். இமயமலையில், மண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஓடையோரம் நானே சுத்தியலால் உடைத்தெடுத்த கல். ரயிலில் தலைமாட்டில் வைத்துத் தூங்கி வந்திருக்கிறேன். திங்கட்கிழமை அது ஐதராபாத் ஆய்வகத்துக்குப் போயாக வேண்டும். அதற்குள் இருக்கும் பொடிப் படிகங்களைப் பிரித்து அங்கே வயது சொல்வார்கள். அந்த வயது இல்லையென்றால் என் எம்.எஸ்சி. ஆய்வே இல்லை. பாலிஷ் பவுடர் கலந்தால் கணக்கே தப்பிவிடும் என்று அவர்கள் வேறு பயமுறுத்தியிருந்தார்கள்.

"பாலிஷ் போடச் சொல்லி யாரு அழுதா?" கத்திவிட்டேன்.

அத்தாவின் முகம் சுண்டிப்போனது. "நீதானம்மா போன்ல சொன்னே, ரொம்பப் பழைய கல்லு, ஐதராபாத்துக்கு அனுப்பறேன்னு. மஜீத் பாய் பொண்ணு பழைய கல்ல தள்ளிவுட்டுச்சுன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக்கூடாதுல்ல?"

எங்கள் கடையில் பழைய கல் என்றால் விலைபோகாமல் மழையில் கிடந்து கறையேறியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"அத்தா, பழசா இருக்கறதுதான் இதுக்கு மதிப்பே. பூமிக்குள்ள குழம்பா ஏறி வந்து உறைஞ்ச கல்லு. அம்பது கோடி வருசம் இருக்கும்ங்கறாங்க. இமயமலை எழும்புனதே அதுக்கு ரொம்பப் பின்னாடிதான்."

"அல்லாவே! மலைக்கே மூத்ததா?" கல்மேல் இருந்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

பேராசிரியருக்குப் போன் போட்டேன். திட்டுவார் என்று பார்த்தால், பாலிஷ் ஏறிய முகத்தை அறுத்துத் தள்ளிவிட்டு மிச்சத்தைக் கழுவி அனுப்பு, உள்ளே ஒன்றும் ஆகியிருக்காது என்றார். எனக்கு உயிர் வந்தது. அறுப்பதற்கு முன் தண்ணீர் ஊற்றித் துடைத்தபோதுதான் அதைப் பார்த்தேன். சாம்பல் கல்லைக் குறுக்கே வெட்டிக்கொண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளை வரி. மலையில் பாசியும் துருவும் மூடியிருந்ததில் யார் கண்ணிலும் படவில்லை.

"இங்க பாருங்கத்தா! சாம்பல் கல்லு கெட்டியானப்புறம் விரிசல்ல புகுந்தது இது. குறுக்க வெட்டுனா அது இளையது. ஒரே கல்லுல ரெண்டு வயசு!"

"எவ்ளோ இளையது?"

"தெரியாது. அதையும் சேத்துக் கேக்கப் போறேன்."

அப்போது கிச்சன் மேடைக்குக் கல் பார்க்க வந்திருந்த நாராயணசாமி எங்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தார். "பாய், இது சூப்பரா இருக்கே. சதுர அடி என்னா வெல?"

அத்தா தோள் துண்டை எடுத்து, வெள்ளை வரி மேலிருந்த ஈரத்தை மெதுவாக ஒற்றினார்.

"அது பழைய கல்லுங்க," என்றார் நெஞ்சை நிமிர்த்தி. "குடுக்கறதுக்கில்ல."