இலஞ்சி வயலில் ஏழு தட்டுகள்

தென்காசியில் கடிகாரம் ரிப்பேர் செய்யும் சங்கரபாண்டி யார் என்ன சொன்னாலும் லேசில் நம்பமாட்டான், அவன் கண் சொன்னால் ஒழிய. யுத்தகாலத்தில் பர்மா எல்லையில் மூங்கில் பரண்மேல் உட்கார்ந்து, வருகிற விமானம் யாருடையது என்று பார்த்துச் சொன்ன கண் அது. ஊர் திரும்பிப் பத்து வருஷமாகியும் அந்தப் பெருமை மட்டும் பரணைவிட்டு இறங்கவில்லை. பறக்கும் தட்டுகளைப் பற்றிப் பத்திரிகைகளில் வரத் தொடங்கியதிலிருந்து ஐயாவுக்குக் கை கடிகாரத்தில், பார்வை வானத்தில். ஆராய்ச்சிக் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்து, பத்தொன்பது பேரைச் சேர்த்தும்விட்டான். மூன்று வருஷத்தில் வந்ததெல்லாம் பருந்தும் பட்டமும்தான். ஊர் அவனுக்குக் கிறுக்கன் என்று பெயர் வைத்து, அவன் காதுபடவே கூப்பிட்டது.

1955, ஆடி மாதம், ஒரு புதன்கிழமை. ஐந்தருவியில் குளித்துவிட்டு வருகிற வழியில், கழகச் செயலாளர் மாடக்கண்ணுவோடும் இன்னும் மூன்று பேரோடும் இலஞ்சிப் பக்கம் ஒரு பாறைமேல் நின்று சங்கரபாண்டி தலை துவட்டிக்கொண்டிருந்தான். மணி நாலேகால். வெயிலும் சாரலும் ஒன்றாக அடித்தன. கிழக்கே வயல்வெளியை மஞ்சு மூடி, எது தரை, எது வானம் என்றே தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஏழு வெள்ளித் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து, துளிச் சத்தமில்லாமல் வடக்கே போயின. கடைசியில் சற்று மேலே எழும்பி மறைந்தன. சங்கரபாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாளே கழகத்தின் அச்சடித்த படிவத்தை எடுத்துக்கொண்டு வயல்காரர்களிடம் போனான். 'தட்டு எந்தத் திசையில் பறந்தது? தட்டு எவ்வளவு பெரியது?' என்று கேள்விகள் வரிசையாக இருந்தன. பதினோரு பேர் பதில் சொல்லிக் கையெழுத்தும் கைநாட்டும் போட்டார்கள். எல்லாவற்றையும் கட்டி மெட்ராஸில் ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்ப, திங்கட்கிழமை தந்தி வந்தது: சனிக்கிழமை நிருபர் வருகிறார், அட்டைப்படக் கட்டுரை. கிறுக்கன் என்று ஏசிய மைத்துனனே கடை தேடி வந்து டீ வாங்கிக் கொடுத்தான். மூன்று வருஷ ஏச்சுக்கு அந்தச் சனிக்கிழமையோடு முடிவு என்று சங்கரபாண்டி நாளை எண்ணிக்கொண்டிருந்தான்.

கெட்டிக்காரன் புளுகாவது எட்டு நாள் தாங்கும் என்பார்கள். இது புளுகுகூட இல்லை, பாவம், ஆறாவது நாளே ஆட்டம் கண்டது.

செவ்வாய்க்கிழமை வடகரை ஹாஜரா பீவி சுவர்க் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கல்யாண விருந்துகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற அம்மாள், வாய் ஓயாது. அஞ்சாறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய செம்புத் தாம்பாளம் இருக்கிறதே, சகன், அதில் ஏழுக்குத் தென்காசியில் புதிதாக ஈயம் பூசக் கொடுத்திருந்தாளாம். வண்டி அச்சு முறிந்துபோக, ஆளுக்கு ஒன்றாகச் சுமந்து வரச் சொன்னாளாம்.

"சாரலுக்குப் பயந்து ஏழு பேரும் சகனைத் தலையில குடையாட்டம் கவுத்துக்கிட்டு வாய்க்கா கரையோட வந்திருக்கானுவ தம்பி. போன புதன்கிழமை நாலு மணி வாக்குல, அசர் தொழுகைக்கு முந்தி. ஈயம் பாழாப் போச்சோன்னு எனக்கு ஈரக்கொலை நடுங்கிட்டு."

சங்கரபாண்டி திருப்புளியைக் கீழே வைத்தான். வாய்க்கால் கரை நெடுகத் தாழம்புதர், ஆள் உயரத்துக்கு. புதருக்குக் கீழே இருப்பது தெரியாது, மேலே இருப்பது மட்டும்தான் தெரியும்.

அன்று ராத்திரி கடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். சகன் போனது நிஜமென்றால் தட்டு வரவில்லை என்று ஆகிவிடுமா என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினான். ஹாஜரா பீவிக்குத் தட்டு விவகாரம் தெரியாது. இவன் வாயை மூடிக்கொண்டால் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. ஆனால் படிவத்தை எடுத்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. 'நீங்கள் என்ன பார்த்தீர்கள்?' என்று அதில் ஒரு கேள்விகூட இல்லை. தட்டு என்ற பதிலை அவனே கையில் கொடுத்துவிட்டு, அதையே திருப்பி வாங்கி வந்திருக்கிறான்.

புதன்கிழமை காலையில் வடகரைக்கு சைக்கிளை மிதித்தான். விஷயத்தைக் கேட்ட ஹாஜரா பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஏழு பேருக்கும் டீயும் முறுக்கும் வாங்கித் தந்தால் சனிக்கிழமை சகனோடு இன்னொரு தடவை நடக்கச் சொல்கிறேன் என்றாள்.

சனிக்கிழமை நாலு மணிக்குப் பாறைமேல் திருவிழாக் கூட்டம். நிருபர் தாணுமாலயன் கழுத்தில் காமிராவோடு நின்றார். சாரலும் வெயிலும் சொல்லிவைத்தாற்போல் சேர்ந்து வந்தன. மஞ்சுக்குள்ளிருந்து முதல் தட்டு மிதந்தது, பிறகு இரண்டு, பிறகு ஏழும். மாடக்கண்ணு கன்னத்தில் போட்டுக்கொண்டான். நிருபர் காமிராவைத் தூக்கினார். இதில் பெரிய வேடிக்கை, ஏற்பாடு செய்த சங்கரபாண்டிக்கே மெய்சிலிர்த்துவிட்டது. தெரிந்திருந்தும் அவன் கண் தட்டைத்தான் பார்த்தது. அவனுக்குக் கோபம் கோபமாக வந்தது, தன் கண்மேல்.

கரை ஒரு மேடேறி இறங்கியதும் தாழம்புதர் முடிந்தது. போன வாரம் அந்த இடத்தை மூடியிருந்த மஞ்சு இன்று விலகியிருந்தது. முதல் தட்டுக்குக் கீழே கைலியை மடித்துக் கட்டிய, ஹாஜரா பீவியின் சுமையாள் ஒலி முகம்மது தெரிந்தான். பின்னாலேயே மற்ற ஆறு பேரும் வந்தார்கள்.

"போன வாரம் நான் பாத்ததும் இதத்தான்," என்றான் சங்கரபாண்டி, எல்லாருக்கும் கேட்கும்படி.

மாடக்கண்ணுதான் முதலில் தேறினான். "இது சகன்தான் அண்ணாச்சி, ஒத்துக்கிடுதேன். அன்னைக்கு வந்தது தட்டு. அது மேல எழும்பிலா போச்சு?"

"இதும் எழும்பித்தானடே போச்சு. கரை அங்கன மேடு."

பாதிப் பேர் மாடக்கண்ணு பக்கம் சேர்ந்துகொண்டு, கழகத்தைக் காட்டிக்கொடுத்தவன் என்று ஏசியபடி பாறையைவிட்டு இறங்கினார்கள். மீதிப் பேர் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள், மைத்துனன் சிரிப்புத்தான் உரக்கக் கேட்டது. தாணுமாலயன் காமிராவை உறைக்குள் போட்டார். சும்மா இருந்திருந்தால் இந்நேரம் அட்டையில் உங்கள் பெயர் வந்திருக்குமே, ஏன் ஐயா இப்படிச் செய்தீர்கள் என்று மனத்தாங்கலோடு கேட்டார்.

"பரண்ல இருக்கையில எங்களுக்கு ஒரே ஒரு உத்தரவுதான் சார். பருந்து இல்ல, மேகம் இல்ல, நம்ம விமானமும் இல்லன்னு எல்லாத்தையும் கழிச்சிட்டு, மிச்சம் இருந்தாத்தான் அபாயச் சங்கு ஊதணும். இந்தத் தடவை நான் ஊதிட்டுத்தான் பாத்தேன்."

நிருபர் காமிரா உறையைப் பூட்டிக்கொண்டு பாறையைவிட்டு இறங்கினார்.

டீக்கடையில் ஏழு பேரும் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தபோது ஹாஜரா பீவி வந்து சேர்ந்தாள். கழகத்தில் எத்தனை பேர் மிச்சம் என்று கேட்டாள். மூன்று என்றான் சங்கரபாண்டி. தன் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

"அப்ப வானத்துல தட்டு கிட்டு ஒண்ணும் கெடையாதாக்கும் தம்பி?"

"அப்படிச் சொல்ல எனக்கு என்னக்கா தெரியும்? புதன்கிழமை வந்தது சகன். அது மட்டுந்தான் தெரியும்."

சொன்னதும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, வயிறு குலுங்கச் சிரித்தான். மூன்று வருஷமாக வானத்தைப் பார்த்ததில் நிச்சயமாக ஒன்று தெரிந்தது அன்றைக்குத்தான்.