லக்சிகா சொன்னால் சரி

விமலேஸ்வரிக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? தர்மபுரத்துக்கு உள்ளே தள்ளிக் கிடக்கிற அந்தக் குளத்தடி ஆய்வு நிலையத்தில் அவள் ஆறு வருசமாய்க் கிடந்து மாய்கிறாள். தோணியில் போய்த் தண்ணி அள்ளுவது அவள். கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதென்று பார்ப்பது அவள். முழங்கால் மட்டும் சேற்றில் புதைவதும் அவள்தான். லக்சிகா நேற்று வந்தவள், சனத்துக்கு விளக்கம் சொல்லவென்று எடுத்த பெட்டை. அவள் ஸ்கூட்டியால் இறங்கி ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், ஊரே பல்லைக் காட்டும். அவளுக்குத் தயிர்ச்சட்டி வரும், விளாம்பழம் வரும். விமலேஸ்வரிக்கு, "என்ன பிள்ளை, வெயிலுக்கை நிக்கிறீர்" என்று ஒரு கேள்வி வரும். அதோடு சரி.

இப்போது அந்தப் பெட்டை 'குளத்து நாள்' என்று ஒன்றைக் கொண்டுவந்துவிட்டாள். சனிக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தாய்மாரும் குளத்து மதகடியான துருசடியில் தண்ணிக்குள் இறங்கி, சின்ன வலைகளால் பூச்சி புழுப் பிடித்து, நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்களாம். நிலையப் பொறுப்பாளர் பிரதீபன் பூரித்துப்போனார். இப்படியொரு யோசனை இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் வரவில்லையே என்றார். ஒருத்தருக்கும் என்றால் ஆருக்கு? விமலேஸ்வரிக்குத்தானே!

அந்தக் கடுப்பில்தான் போன கிழமை அவள் முதலைக் கதையைக் கட்டினாள். துருசடியில் பெரிய முதலையொன்று கிடக்கக் கண்டதாக அன்னபாக்கியத்திடம் மெல்லச் சொன்னாள். அன்னபாக்கியம் மாதர் சங்கத் தலைவி. அவாவின் காதில் போட்டால் ஊருக்கே போட்ட மாதிரி. மீன்பிடிக்கிற ஆட்கள் வேலையைக் கெடுத்துத் தோணி விட்டுத் தேடினார்கள். முதலையுமில்லை, முதலை படுத்த தடமுமில்லை. லக்சிகாவில் உள்ள எரிச்சலில் இவள் விட்ட சரடு என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. லக்சிகா மட்டும் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மையும் விமலேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் வழமைபோலத் தண்ணி அள்ளப் போனாள். துருசடி முழுக்கப் பச்சைப் பெயின்ற் ஊற்றின மாதிரி ஒரு படை. ஆவணி வெயிலில் மண்டியதையெல்லாம் காற்று அந்த மூலைக்கே ஒதுக்கிவிட்டிருந்தது. ஒரு சொட்டு எடுத்து வந்து நுணுக்குக்காட்டியில் வைத்தாள். நீலப்பச்சைப் பாசி, உருண்டை உருண்டையாய். விஷம் விடக்கூடிய சாதி. மேலில் பட்டால் கடித்துத் தடிக்கும், வாய்க்குள் போனால் வாந்தி, கூடிப்போனால் ஈரலைப் பழுதாக்கும்.

அதைக் கண்டதும் அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோசம். லக்சிகாவின் குளத்து நாள் அவ்வளவுதான்.

பிரதீபன் கூட்டமொன்றுக்குக் கொழும்பு போயிருந்தார். அவருக்குப் போன் எடுத்தாள். அவள் சொல்லி முடிக்க முன்னமே, லக்சிகா என்ன சொல்லுறா என்று அவர் கேட்டார். மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்புங்கோ, நாளைய விசயத்தை ரெண்டு பேருமாய்க் கதைத்து முடிவெடுங்கோ என்று வைத்துவிட்டார். நல்ல கதை! அந்தப் பெட்டையிட்டையும் கேட்கவோ? நேரே ஊருக்குச் சொல்லுவம் என்று சைக்கிளை எடுத்தாள்.

அன்னபாக்கியம் குசினியில் பிள்ளைகளுக்குப் பணியாரம் சுடப் பயறு வறுத்துக்கொண்டிருந்தா. விமலேஸ்வரி மூச்சுவிடாமல் எல்லாத்தையும் சொன்னாள். அவா அகப்பையை நிப்பாட்டவேயில்லை.

"போன கிழமை முதலை. இந்தக் கிழமை பாசியோ?"

உதவிக்கு வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்னபாக்கியத்தின் கடைக்குட்டி நாளைக்குப் போடவென்று வைத்த தொப்பியை இன்றைக்கே போட்டுக்கொண்டு முற்றத்தில் ஓடித் திரிந்தது. அடுத்த வளவிலும் அதே சிரிப்பு. அதற்கடுத்த வளவில் படலையே திறக்கவில்லை.

குளக்கட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு அவள் நின்றாள். சரி, இறங்கட்டும். மேல் தடித்து, சத்தியெடுத்து, ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடட்டும். அப்போது அந்தச் சிரிப்புக்காரியின் மூஞ்சையைப் பார்க்கவேணும். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள், நல்லாய் ருசித்து நினைத்தாள். ஆனால் அந்தக் கடைக்குட்டி குளிக்கும்போது பாதித் தண்ணியைக் குடித்துவிடும். எத்தனை தரம் தோணியிலிருந்து கண்டு அதட்டியிருக்கிறாள். சீ, நானும் ஒரு மனிசியா என்று சைக்கிளைத் திருப்பினாள்.

நிலையத்தில் லக்சிகா வலைகளுக்குத் தடி கட்டிக்கொண்டிருந்தாள். விமலேஸ்வரி அவளைக் கையில் பிடித்துக் கூட்டிப்போய் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருத்தினாள். லக்சிகா குனிந்து பார்த்தாள். நிமிரவேயில்லை. பிறகு கட்டின வலைகளைப் பார்த்தாள், கண் கலங்கிப்போச்சு.

"அப்ப நிப்பாட்டத்தான் வேணும் அக்கா. நீங்களே ஊருக்குச் சொல்லுங்கோவன்."

"சொன்னனான். ஒருத்தரும் நம்பேல்லை." விமலேஸ்வரி வலைகளை ஒருபக்கம் தள்ளிவைத்தாள். "நீ சொல்லு. நீ சொன்னால்தான் கேட்பினம்."

அதைச் சொன்ன தன் வாயை அவளுக்குக் கிழித்துப்போடலாம் போல இருந்தது.

பின்னேரம் ஒலிபெருக்கி கட்டின ஓட்டோ ஒழுங்கையெல்லாம் போனது. ஒருத்தரும் தண்ணியில் இறங்கவேண்டாம், மாடுகளையும் விடவேண்டாம் என்றது லக்சிகாவின் குரல். நிலைய வாசலில் நின்று விமலேஸ்வரி கேட்டாள். தன் பெயரை அமுக்கிவிடுவாள் என்று காத்திருந்தாள், அப்படி அமுக்கினால் ஆயுசுக்கும் நிம்மதியாய் வெறுக்கலாம். பாழாய்ப்போனவள் அதையும் விட்டுவைக்கவில்லை. இதைக் கண்டுபிடித்து எங்களைக் காப்பாற்றியது விமலேஸ்வரி அக்கா என்று ஒவ்வொரு சந்தியிலும் நிறுத்திச் சொன்னாள்.

கொஞ்சத்தில் அன்னபாக்கியம் கடைக்குட்டியையும் இழுத்துக்கொண்டு அவசரமாய் வந்தா. வந்து விமலேஸ்வரியின் கையைப் பிடித்தா.

"கோபிக்காதையும் பிள்ளை. நீர் சொன்னது உண்மைதானாமே. லக்சிகா சொன்னவள்."

விமலேஸ்வரி கையை இழுக்கவில்லை.

"ஓம்" என்றாள். "அவள் பொய் சொல்லமாட்டாள்."