அரை பாட்டில்

மணியம்மாவின் வலது தோள் இறுகிப்போய் வலித்தது. நேற்று பைக்கில் இரண்டு மணி நேரம் புருஷன் கேசவனின் தலையைத் தாங்கிய தோள். கடலை மூட்டை தூக்கியும் இப்படி வலித்ததில்லை. அந்தத் தலை இப்போது தாடையில் துணி கட்டி அவள் முன்னால் கிடந்தது.

பந்தலுக்கு வெளியே கேசவனின் அண்ணன் வேங்கடாசலம் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் பேசிக்கினு இருந்தான். மருந்து ஏத்தினதுந்தான் ஒடம்பெல்லாம் தடிப்பு, ஒதறல். அந்த நர்ஸ வுட்றதா? ஆஸ்பத்திரில ஒரு கண்ணாடி மிஞ்சக் கூடாது."

"காரியம் முடியட்டும் பெத்தநைனா, ஆட்டோ ரெடி" என்றான் அவரைப் பெரியப்பா முறையில் கூப்பிடும் கிரண்குமார்.

உள்ளே மணியம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். நேற்று அந்த நர்ஸ் பெண் இதே வேங்கடாசலத்தின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

"சில பேருக்கு இப்டிதான் பண்ணும். நிறுத்திட்டு தொடைல ஒரு ஊசி போட்டா அடங்கிடும். அப்பறம் மீதிய ஏத்தியே ஆவணும். கடிச்சது கண்ணாடி விரியன்."

"ஒரு விஷம் பத்தலன்னு நீ வேறயா?" என்று அவளை உதறிவிட்டு அவரே ஊசியைப் பிடுங்கினார். பாதி இறங்கிய பாட்டில் கம்பியில் ஆடியது. மணியம்மா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் புருஷனின் காலைத் தூக்கினாள்.

பைக்கில் கூட்டிப்போன இடத்தில், சந்திரகிரிப் பக்கத்துப் பச்சிலைக்காரன் கேசவனுக்கு இரண்டு மிளகை மெல்லக் கொடுத்து, "காரமா கீதா?" என்றான்.

"காரந்தான்" என்றான் கேசவன்.

"அப்போ விஷம் எறங்கிடுச்சு."

வேங்கடாசலம் சிரித்தே விட்டார். காரம் என்று சொன்ன வாயின் ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஊர் வந்து சேர்வதற்குள் தோளில் தலை கனத்துவிட்டது.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். முதல் ஆளாக வேங்கடாசலம் பிடி அரிசியோடு குனிந்தார். மணியம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கைய வுடும்மா."

"அந்த நர்ஸும் இந்தக் கையத்தான் புடிச்சா. கேட்டீங்களா மாமா?"

மேளம் நின்றது. கிரண்குமார் தன் செருப்பைப் பார்த்தான்.

"நீயுந்தானே தூக்கின" என்றார் அவர், மெதுவாக.

"தூக்கினேன். இல்லன்னு சொல்லல. ஆட்டோ கெளம்பட்டும், நானும் ஏறுறேன். எந்தக் கை புடுங்கிச்சுன்னு அங்க வந்து சொல்றேன்."

அவள் பிடி இறுக இறுக அரிசி பாயில் உதிர்ந்தது. ஒரு மணியும் கேசவன் வாய்க்குப் போகவில்லை.

"மொதல்ல அந்த மீதிய ஏத்துங்க மாமா. அப்பறம் அரிசி போடுங்க. நாம ரெண்டு பேரும் அவருக்கு இன்னும் அரை பாட்டில் மருந்து பாக்கி."